ஒரு டிவிடிக்குள் முழுப் படம்: கல்யாண வீடியோவுக்கும் விடிய விடிய நடக்கும் கூத்துக்கும் பிட்ரேட் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்பவர்கள்தான் இப்போது அதிகம். ஆனாலும் ஆர்டர் கொடுக்கும்போதே "டிவிடியும் ரெண்டு காப்பி போட்டுடுங்க" என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை கிராமங்களில் பழைய டிவிடி பிளேயர் இன்னும் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தட்டைத் திறந்து டிஸ்க்கை வைத்தால் படம் ஓட வேண்டும், பெரியவர்களுக்கு அது போதும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து எடுத்தால், கூத்து ஜமாவில் இருப்பவர்களும் ஒரு செட் டிவிடி கேட்பார்கள். அந்த இரவுக்கு அவர்கள் கையில் மிஞ்சுகிற ஒரே பதிவு பல நேரம் அதுதான்.

நல்ல கேமராவில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமும் கடைசிக் கட்டத்தில்தான் கெடுகிறது. எடிட்டிங் மென்பொருளில் டிஸ்க்குக்குத் தகுந்தபடி சுருக்கிக்கொள்ளும் வசதியைத் தட்டிவிட்டால், மூன்றரை மணி நேரத்தையும் அது ஒரே டிஸ்க்கில் அடக்கிக் கொடுத்துவிடும். எதைப் பலி கொடுத்தது என்று சொல்லாது. தாலி கட்டுகிற நேரத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும்போதுதான் தெரியும். ஒரு டிஸ்க்கில் எத்தனை நிமிடம் என்பதை எடிட்டிங் டேபிளிலேயே நாம் முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவை ஒரு வகுத்தல், ஒரு கழித்தல்.

டிஸ்க்கில் உண்மையில் எவ்வளவு இடம்

அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் போட்டால் 4.38 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகின்றன, விண்டோஸ் 1024 என்று வகுக்கிறது. இந்தக் குழப்பத்தில் மாட்டாமல் இருக்க பைட்டிலேயே கணக்குப் போடுங்கள். டிவிடி-ஆர் டிஸ்க்கில் 470,73,19,808 பைட். டிவிடி+ஆர் டிஸ்க்கில் 470,03,72,992 பைட். சின்னதையே எடுத்துக்கொண்டு 470 கோடி பைட் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக 3,760 கோடி பிட். பிட்ரேட் என்பது ஒரு விநாடிப் படத்துக்கும் ஒலிக்கும் செலவாகும் பிட்டின் அளவு. அதில் கிலோ என்றால் சரியாக ஆயிரம்தான், 1024 இல்லை. எனவே டிஸ்க்கின் கொள்ளளவு 3,76,00,000 கிலோபிட்.

இதை முழுவதும் நிரப்பக் கூடாது. வீடியோவையும் ஆடியோவையும் 2048 பைட் கொண்ட சிறு பொதிகளாகப் பின்னித்தான் டிவிடியில் எழுத வேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தலைப்பு உண்டு. அதற்கே சுமார் 2 சதவீதம் போய்விடும். மெனு, அத்தியாயக் குறிப்புகள் எல்லாம் தனி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று: டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. விலை குறைந்த டிஸ்க்குகளில் பூச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் விளிம்பில்தான், விரல் படுவதும் அங்கேதான். விளிம்பு வரை நிரப்பினால் படத்தின் கடைசிப் பத்து நிமிடம் ஆபத்தான இடத்தில் போய் உட்காரும். 5 சதவீதம் விட்டுவிடுங்கள்.

மீதி 3,57,00,000 கிலோபிட். இதை 60-ஆல் வகுத்து வைத்துக்கொண்டால் பிறகு நிமிடத்தில் நேராகக் கணக்குப் போடலாம். வருவது 5,95,000. இந்த ஒரு எண்ணைக் கம்ப்யூட்டருக்கு மேலே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வகுத்தல், கழித்தல்

முதலில் முடிந்த படத்தின் நீளம். டைம்லைனில் டைட்டில், நன்றி கார்டு எல்லாம் சேர்த்து எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 5,95,000-ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால் ஒரு விநாடிக்கு மொத்தம் எத்தனை கிலோபிட் கிடைக்கும் என்று வரும். அதிலிருந்து ஆடியோவைக் கழித்தால் மிச்சம் வீடியோவுக்கு.

ஏசி-3 என்ற சுருக்கிய ஒலி வடிவத்தில் ஸ்டீரியோ ஆடியோவுக்கு 192 கிலோபிட் என்று வைத்தால்:

90 நிமிடம்: வீடியோவுக்கு 6,419
120 நிமிடம்: 4,766
150 நிமிடம்: 3,774
180 நிமிடம்: 3,113
240 நிமிடம்: 2,287

படம் 72 நிமிடத்துக்கு உட்பட்டதாக இருந்தால் கணக்கே வேண்டாம், 8,000 என்று வைத்துவிடுங்கள். டிவிடி விதிப்படி வீடியோ 9,800 வரையும், ஆடியோ எல்லாம் சேர்ந்து 10,080 வரையும் போகலாம் என்பது உண்மை. ஆனால் அந்த உச்சம் கம்பெனியில் அச்சிட்ட டிஸ்க்குக்குச் சரிப்படும். நாம் ரைட்டரில் எழுதுகிற டிஸ்க்கைப் பழைய பிளேயரின் தேய்ந்த லென்ஸ் அந்த வேகத்தில் படிக்கத் திணறும். படம் நின்று நின்று ஓடும், வீட்டுக்காரர் டிஸ்க் சரியில்லை என்பார்.

ஆடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. சில மென்பொருள்கள் சுருக்காத பிசிஎம் ஆடியோவைத் தாங்களாகவே தேர்ந்தெடுத்துவிடும். அது விநாடிக்கு 1,536 கிலோபிட் தின்னும். இரண்டு மணி நேரப் படத்தில் 138 கோடி பைட், அதாவது டிஸ்க்கில் ஏறக்குறைய 29 சதவீதம் ஒலிக்கே போய்விடும். நாதஸ்வரத்துக்கும் ஐயர் மந்திரத்துக்கும் ஏசி-3 192 தாராளம். கூத்துக்கு மட்டும் 256 கொடுங்கள். முகவீணையின் கூர்மையும் தாளத்தின் ஓசையும் ஒன்றோடு ஒன்று மோதும் இடங்களில் அந்த வித்தியாசம் காதில் விழும்.

எண் வந்துவிட்டது, அது போதுமா?

பெரும்பாலான விளக்கங்கள் எண்ணைச் சொல்வதோடு நின்றுவிடும். 3,774 நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்பது படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டிவிடி வீடியோவைச் சுருக்கும் எம்பெக்-2 முறை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இது புரியும். நம் நாட்டில் புழங்கும் பால் (PAL) டிவி முறையில் ஒரு விநாடிக்கு 25 படம். அதிகபட்சம் 15 படத்துக்கு ஒன்றுதான் முழுப் படமாகச் சேமிக்கப்படும். இடையில் வருபவை, முன்பின் படங்களிலிருந்து எது எங்கே நகர்ந்தது, எது மாறியது என்ற குறிப்பு மட்டுமே. ஆள் அசையாமல் நின்றால் குறிப்பு சின்னது. எல்லாமே மாறினால் குறிப்பு பெரியது. பிட் போதாதபோது, படத்தைச் சுருக்கும் மென்பொருளான என்கோடர் நுணுக்கங்களை வெட்டி எறியும். நாம் பார்க்கும் அந்தக் கட்டங்கள் அப்படித்தான் வருகின்றன.

ரிசப்ஷன் மேடையில் வரிசையாக வந்து மொய்க் கவர் கொடுத்துப் போட்டோவுக்கு நிற்கும் காட்சிக்கு 3,000 கூடப் போதும். அதே மேடையில் போட்டோகிராபரின் ஃபிளாஷ் அடித்தால் அந்த ஒரு படம் முன்னதோடும் பின்னதோடும் ஒட்டாது. அடுத்தடுத்து ஃபிளாஷ் அடித்தால் பிட் கொட்டும். அட்சதை போடும் நேரம் இன்னும் மோசம். நூறு கைகளிலிருந்து பறக்கும் ஒவ்வொரு அரிசியும் தனித்தனித் திசையில் போகிறது, என்கோடரால் எதையும் ஊகிக்க முடியாது. அந்த நேரத்தில்தான் தாலி கட்டப்படுகிறது என்பதால் நமக்கு அதைவிட முக்கியமான காட்சியும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கஷ்டம் ஒகேனக்கல். இப்போது கல்யாணத்துக்கு முந்தைய பாட்டு ஷூட்டிங் பலருக்கு அங்கேதான். அருவி விழுவதும், பரிசல் போகும்போது தண்ணீர் பளபளப்பதும் கண்ணுக்கு அழகு. என்கோடருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. நீரில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் பொதுவானது எதுவும் இல்லை. 7,000-க்குக் கீழே போனால் அருவி வெள்ளைக் குழம்பாகிவிடும். கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழா எடுப்பவர்களுக்கும் இதே பாடுதான்: புழுதி, ஓடும் காளை, அதோடு சேர்ந்து திரும்பும் கேமரா, பின்னால் ஆயிரம் தலைகள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். பால் டிவிடியின் படம் 720×576. விநாடிக்கு 25 படம் என்றால் 1,03,68,000 புள்ளிகள். வீடியோ பிட்ரேட்டை இதனால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் என்று தெரியும். 120 நிமிடப் படத்தில் 0.46. 180 நிமிடத்தில் 0.30. 240 நிமிடத்தில் 0.22. என் கணக்கில் 0.4-க்கு மேல் இருந்தால் கல்யாணத்துக்கு நிம்மதி. 0.3 என்றால் முக்காலியில் நிறுத்தி எடுத்த படத்துக்கு மட்டும். அதற்கும் கீழே முழு அளவில் போகவே கூடாது.

கையில் பிடித்து எடுத்த கல்யாணத்துக்கு வீடியோ பிட்ரேட் 4,000 என்பதைத் தரையாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கணக்கிட்டால் அது ஒரு டிஸ்க்குக்கு 142 நிமிடம்.

பாலக்கோட்டில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம்

முதல் நாள் மாலை ரிசப்ஷன் 68 நிமிடம், மறுநாள் முகூர்த்தம் 74 நிமிடம், ஒகேனக்கல் பாட்டு 12 நிமிடம். மொத்தம் 154.

ஒரே டிஸ்க்கில் போட்டால் 5,95,000 ÷ 154 = 3,863. ஆடியோ போக 3,671. நம் தரைக்குக் கீழே. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி வெட்டுவது. மொய் வரிசையில் ஒவ்வொருவரையும் மூன்று விநாடி குறைத்தாலே இருபது நிமிடம் மிச்சமாகும் அளவுக்குக் கூட்டம் வந்த கல்யாணங்கள் உண்டு. 130 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் வீடியோவுக்கு 4,385 கிடைக்கிறது. ஆனால் வந்த உறவுக்காரர் ஒருவர் விட்டுப்போனாலும் வீட்டில் பேச்சு வரும். ஆளை வெட்டாதீர்கள், ஆள் நிற்கும் நேரத்தை மட்டும் வெட்டுங்கள்.

இரண்டாவது வழி இரண்டு டிஸ்க். ரிசப்ஷன் தனியாக 8,000-இல். முகூர்த்தமும் பாட்டும் சேர்ந்து 86 நிமிடம், அதற்கு 6,726. எனக்கு இதுதான் பிடிக்கும். இன்னொரு டிஸ்க்கின் செலவு அந்தக் கல்யாணத்தின் மற்ற செலவுகளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது வழி, ஒரே டிஸ்க்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால், பிட்டைப் பிரித்துக் கொடுப்பது. பாட்டை மட்டும் தனி டிராக்காக 7,000-இல் என்கோட் செய்யுங்கள். ஆடியோவோடு 7,192, 12 நிமிடத்துக்கு 720 விநாடி, ஆக 51,78,240 கிலோபிட். மொத்தத்திலிருந்து கழித்தால் 3,05,21,760 மிச்சம். அதை 142 நிமிடத்தின் 8,520 விநாடிகளால் வகுத்தால் 3,582, ஆடியோ போக 3,390. மற்ற பகுதிகள் 3,671-லிருந்து 3,390-க்குத்தான் இறங்குகின்றன. அருவிக்கோ ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கிறது.

மெனுவில் பாட்டு ஓடவிடுபவர்கள் அதையும் கழிக்க வேண்டும். 8,000-இல் இரண்டு நிமிட மெனு என்றால் 9,60,000 கிலோபிட், அதாவது 12 கோடி பைட். அரை நிமிட மெனு போதும்.

என்கோடரில் என்னென்ன வைக்க வேண்டும்

மாறும் பிட்ரேட், இரண்டு பாஸ். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் பாஸில் என்கோடர் முழுப் படத்தையும் பார்த்து எங்கே கஷ்டம், எங்கே சுலபம் என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாவது பாஸில் மொய் வரிசையில் மிச்சம் பிடித்து அட்சதைக்குக் கொடுக்கிறது. நாம் கணக்கிட்ட எண்ணை சராசரி என்ற இடத்தில் போடுங்கள். உச்சம் 8,500. குறைந்தபட்சம் 1,500 அளவில் இருக்கட்டும். கோப்பின் அளவைத் தீர்மானிப்பது சராசரி மட்டுமே. உச்சத்தைக் கூட்டினால் கோப்பு பெரிதாகிவிடும் என்று பயந்து அதையும் சராசரிக்குப் பக்கத்திலேயே வைப்பவர்கள் இரண்டு பாஸின் பலனை முழுக்க இழக்கிறார்கள்.

அகலப் படமாக எடுத்திருந்தால் 720×576-ஐ அப்படியே வைத்து 16:9 குறியை மட்டும் போடுங்கள். மொபைலில் எடுத்த துண்டுகளைச் சேர்க்கும்போது, அவை பெரும்பாலும் விநாடிக்கு 30 படமாக, அதுவும் சீரில்லாமல் இருக்கும். முதலில் அவற்றை 25-க்கு மாற்றிவிடுங்கள். இன்டர்லேஸ் படமாக இருந்தால், அதாவது ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்து பதிவாகியிருந்தால், எந்த ஃபீல்டு முதலில் என்பதை மாற்றிவிடாதீர்கள். பழைய டிவி (DV) டேப் கேமராவில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், எச்டி கேமராவில் மேல் ஃபீல்டு. தவறினால் ஆட்கள் நடக்கும்போதெல்லாம் படம் அதிரும், எவ்வளவு பிட் கொடுத்தாலும் சரியாகாது.

அப்புறம் இரவுப் படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சல். வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமராவின் கெயினை (ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவை) கூட்டி எடுத்தால் கறுப்புப் பின்னணி முழுவதும் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பையும் என்கோடர் அசைவு என்று நினைத்து பிட்டைக் கொட்டும். என்கோட் செய்வதற்கு முன்னால் லேசாக இரைச்சல் நீக்கம் போட்டால் அதே பிட்ரேட்டில் முகங்கள் தெளியும். அதிகமாகப் போட்டால் முகம் மெழுகாகிவிடும். லேசாக என்றால் லேசாகத்தான்.

விடிய விடிய நடக்கும் கூத்து

இரவு பத்து மணி வாக்கில் கட்டியங்காரன் வந்தால் வெளுக்கும்வரை ஆட்டம். எட்டு மணி நேரம் என்று வைத்தால் 480 நிமிடம். ஒரே டிஸ்க்கில் போடச் சொன்னால் 5,95,000 ÷ 480 = 1,239. ஆடியோவுக்கு 256 போனால் வீடியோவுக்கு ஆயிரமும் இல்லை. அந்தக் காலத்து விசிடிக்கே 352×288 அளவில் 1,150 கிலோபிட் உண்டு. முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

நான்கு டிஸ்க் என்றால் ஒவ்வொன்றுக்கும் 120 நிமிடம், வீடியோவுக்கு 4,702. கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் விளக்கில் மின்ன, வேஷக்காரர் சுழன்று ஆடும்போதும் இது தாங்கும். மூன்று டிஸ்க் என்றால் 160 நிமிடம், 3,462. கேமரா முக்காலியில் நின்றிருந்தால் பரவாயில்லை.

இரண்டே டிஸ்க்தான் என்றால் பிட்ரேட்டைக் குறைப்பதைவிடப் படத்தின் அகலத்தைக் குறைப்பது நல்லது. 352×576 என்பதும் டிவிடி ஏற்றுக்கொள்ளும் அளவுதான். புள்ளிகள் பாதிக்கும் கீழே, விநாடிக்கு 50,68,800. ஒரு டிஸ்க்குக்கு 240 நிமிடம், ஆடியோ போக 2,223. புள்ளிக்கு 0.44 பிட் வருகிறது. முழு அளவில் இதே பிட்ரேட்டுக்கு 0.21-தான் வந்திருக்கும். படம் பக்கவாட்டில் கொஞ்சம் மென்மையாகத் தெரியும், ஆனால் கட்டம் கட்டமாக உடையாது. உயரம் குறையாததால் இன்டர்லேஸ் அசைவும் அப்படியே இருக்கும். இந்த அளவில் 16:9 குறியை எல்லா பிளேயரும் மதிப்பதில்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு 4:3 ஆகவே செய்யுங்கள்.

டிஸ்க்கை எங்கே பிரிப்பது என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். சரியாக 120-ஆவது நிமிடத்தில் வெட்டினால் பாட்டு நடுவில் அறுபடும். அடுத்த வேஷத்துக்குத் திரை பிடிக்கும் இடத்தைத் தேடுங்கள். ஒரு டிஸ்க் 112 நிமிடம், அடுத்தது 131 என்று வரட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வகுத்துக்கொள்ளுங்கள். நாலு வகுத்தலுக்கு ஒரு நிமிடம் ஆகாது. கூத்தைப் பார்த்து வளர்ந்த ஊரில் பாட்டை நடுவில் அறுத்துக் கொடுப்பது மரியாதை இல்லை.

வேறு வட்டுகளும் பென்டிரைவும்

இரட்டை அடுக்கு டிவிடியில் 854 கோடி பைட். அதற்கு, 5,95,000-க்குப் பதிலாக நிமிடத்தால் வகுக்க வேண்டிய எண் 10,80,000. மூன்று மணி நேரத்துக்கு மொத்தம் 6,000 கிடைக்கும். கணக்கில் நன்றாக இருந்தாலும் பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் சிக்கும், டிஸ்க்கும் விலை அதிகம். இரண்டு ஒற்றை அடுக்கு டிஸ்க்குகளே மேல். ப்ளூரே 25 ஜிபிக்கு எண் 31,70,000. அதில் எம்பெக்-2-ஐவிட நன்றாகச் சுருக்கும் எச்.264 முறை என்பதால் மூன்று மணி நேர எச்டி படமும் தாராளமாகப் போகும், வீட்டில் ப்ளூரே பிளேயர் இருந்தால்.

பென்டிரைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. பல டிவிகள் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால்தான் படிக்கும். அதில் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது. டிரைவில் 32 ஜிபி காலியாக இருந்தாலும் இதுதான் எல்லை. 5,60,000-ஐ நிமிடத்தால் வகுத்தால் அந்த எல்லைக்குள் நிற்கும் மொத்த பிட்ரேட் வரும். இன்னும் உயர்ந்த தரம் வேண்டுமென்றால் ரிசப்ஷன், முகூர்த்தம் என்று கோப்பைப் பிரித்துவிடுங்கள்.

எழுதுவதற்கு முன்னும் பின்னும்

ஆத்தரிங் (வீடியோ, ஆடியோ, மெனுவை டிவிடி வடிவத்தில் கோக்கும் வேலை) முடிந்ததும் அந்த டிவிடி ஃபோல்டரின் அளவைப் பைட்டில் பாருங்கள். 120 நிமிடக் கணக்கு சரியாக வந்திருந்தால் மெனு நீங்கலாக 455 கோடி பைட் பக்கம் இருக்கும், விண்டோஸ் 4.24 ஜிபி என்று காட்டும். 470 கோடியைத் தாண்டிவிட்டால் சுருக்கும் மென்பொருளில் போட்டு நசுக்காதீர்கள். ஒருமுறை சுருக்கியதை மறுபடி சுருக்கினால் படம் இரட்டிப்பாகக் கெடும். விகிதம் போட்டு மீண்டும் என்கோட் செய்யுங்கள். உதாரணமாக 482 கோடி வந்து, 460 கோடிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், மொத்த பிட்ரேட் 4,958-ஐ 460-ஆல் பெருக்கி 482-ஆல் வகுத்தால் 4,732. ஆடியோ போக 4,540.

16 மடங்கு வேக டிஸ்க்கை 8 மடங்கில் எழுதுங்கள். கரண்ட் போய் வரும் இடமாக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் எழுத உட்காராதீர்கள், டிவிடி-ஆர் பாதியில் நின்றால் குப்பைக்குத்தான். எழுதியதும் சரிபார்ப்பை ஓடவிடுங்கள். பிறகு கடையில் இருக்கிற மிகப் பழைய பிளேயரில் போட்டு மூன்று இடம் பாருங்கள்: அட்சதை விழும் இடம், அருவி, கடைசி ஐந்து நிமிடம். இந்த மூன்றும் ஓடினால் மற்றதும் ஓடும்.

டிவிடியை ஒப்படைத்த பிறகும் எடிட் செய்த மூலக் கோப்பை அழிக்க வேண்டாம், முக்கியமாகக் கூத்தை. டிஸ்க் 720×576-க்குச் சுருங்கிய நகல்தான். வேறு வடிவத்தில் மறுபடி கேட்டு வந்தால் அதிலிருந்து எடுக்க முடியாது. ஆர்டர் புத்தகத்தில் அந்த வேலைக்கு நேராகப் படத்தின் நிமிடம், வைத்த சராசரி பிட்ரேட், டிஸ்க்கின் பிராண்டு, எழுதிய வேகம், மூலக் கோப்பு எந்த ஹார்ட் டிஸ்க்கில் என்ற ஐந்தையும் குறித்து வையுங்கள்.